கடந்த பிறகு எங்கே?

மழைக்காலத்தில் பிரம்மபுத்திராவில் வெள்ளம் ஏறியதும் அஸ்ஸாமின் காஸிரங்கா தேசியப் பூங்காவை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் லாரி டிரைவர்களின் கையில் ஒரு சீட்டு கொடுக்கப்படும். பூங்காவின் எல்லைக்குள் வண்டி எத்தனை மணிக்கு நுழைந்தது என்று அதில் குறித்திருக்கும். மறுமுனையில் இன்னொரு சோதனைச் சாவடி. உரிய நேரத்துக்கு முன்பே வண்டி அங்கே வந்து சேர்ந்துவிட்டால் அபராதம். தாமதமாக வந்ததற்குத் திட்டு வாங்கியே பழகிய நம் ஊர் டிரைவர், சீக்கிரம் வந்ததற்காகப் பணம் கட்ட நேரும் சாலை அது.

இந்தச் சீட்டுக்குக் காரணம் பூங்காவின் பூகோளம். காஸிரங்காவின் வடக்கு எல்லை பிரம்மபுத்திரா. தெற்கு எல்லையை ஒட்டி நெடுஞ்சாலை. முன்பு 37 என்றும் இப்போது 715 என்றும் எண்ணிடப்பட்டிருக்கும் சாலை. அதற்கும் தெற்கே கார்பி ஆங்லோங் மலைகள். ஆறு பொங்கினால் பூங்காவின் பெரும் பகுதி நீரில் மூழ்கிவிடும். காண்டாமிருகம், யானை, புலி, மான் எல்லாம் மேட்டைத் தேடித் தெற்கே நகரும். மேடு மலையில் இருக்கிறது. மலைக்கும் அவற்றுக்கும் நடுவில் சாலை இருக்கிறது.

வெள்ளத்தை ஒரு விபத்தாக நினைத்து அனுதாபப்படத் தேவையில்லை. காஸிரங்காவை உருவாக்கியதே வெள்ளம்தான். ஒவ்வோர் ஆண்டும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டி, சதுப்பு நிலக் குளங்களில் அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையை அடித்துக்கொண்டு போய், மீன்களைக் கொண்டுவந்து சேர்ப்பது ஆறு. வெள்ளம் வராவிட்டால் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் அந்தப் புல்வெளி மெல்ல மரக்காடாக மாறிவிடும். புல்வெளி போனால் காண்டாமிருகம் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இங்கே எஞ்சியிருந்த ஒற்றைக் கொம்பு காண்டாமிருகம், 2022 கணக்கெடுப்பில் 2,613 ஆகப் பெருகியிருக்கிறது. துப்பாக்கியோடு ரோந்து போன வனக் காவலர்களுக்கு அதில் எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு ஆற்றுக்கும் உண்டு. ஆக, அங்குள்ள விலங்குகளுக்கு வெள்ளம் புதிதல்ல. தண்ணீர் ஏறினால் மலைக்குப் போவது, வடிந்தால் திரும்பி வருவது என்பது அவற்றின் ஆண்டுக் காலண்டர். அந்தக் காலண்டருக்குக் குறுக்கே நாம்தான் தார் ஊற்றியிருக்கிறோம்.

சாலையில் அதிகமாகச் சாவது காண்டாமிருகம் அல்ல, பன்றி மான். புதரைக் கிழித்துக்கொண்டு தலையைத் தாழ்த்திப் பன்றி போல ஓடுவதால் வந்த பெயர். குட்டையான உருவம். இரவில் புல்லுக்குள்ளிருந்து திடீரென்று வெளிப்படும். விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டதும் திகைத்து நின்றுவிடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. டிரைவர் பார்த்து, காலைப் பிரேக்கில் வைப்பதற்குள்ளேயே அந்த ஒரு விநாடி போய்விடும். வேகத்தைப் பாதியாக்கினால் அந்த முதல் விநாடியின் தூரமும் பாதியாகும். பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரமோ நான்கில் ஒரு பங்காகும். 40 கி.மீ. என்று எழுதிய பலகைக்குப் பின்னால் இருப்பது கருணை மட்டுமல்ல. பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகமும்தான். பலகையை யாரும் மதிப்பதில்லை என்பதால்தான் நேரச் சீட்டு வந்தது, வேகத்தைப் பதிவு செய்யும் காமெராக்கள் வந்தன. இந்தக் கெடுபிடிகளால் வெள்ள காலத்தில் சாலைச் சாவுகள் குறைந்திருக்கின்றன. 2024 வெள்ளத்தில் காண்டாமிருகங்கள் உள்பட 150க்கு மேற்பட்ட விலங்குகள் இறந்தன. அவற்றில் பெரும்பாலானவை நீரில் மூழ்கி இறந்தவை. வண்டியில் அடிபட்டவை மிகச் சில.

இந்த இடத்தில் அதிகாரிகள் மகிழ்ச்சியுடன் பைலை மூடிவிடலாம். ஆனால் சாலையில் கிடக்கும் உடல்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஏமாந்து போவோம். உடல்கள் இல்லாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். விலங்குகள் பத்திரமாகக் கடந்துபோயிருக்கலாம். அல்லது கடக்கவே முடியாமல் நின்றிருக்கலாம். போக்குவரத்து ஓரளவு இருக்கும் சாலையில்தான் விலங்குகள் துணிந்து இறங்கி அடிபடும். இடைவெளியே இல்லாமல் வண்டிகள் ஓடும் சாலையின் ஓரத்துக்குப் பல விலங்குகள் வருவதே இல்லை. இரைச்சலும் வெளிச்சமும் சுவராக நிற்கும். அப்போது சாவுக் கணக்கு பூஜ்யமாகும். ஆனால் காடு இரண்டாகிவிட்டிருக்கும். இந்தப் பக்கத்து ஆண் புலி அந்தப் பக்கத்துப் பெண் புலியைச் சந்திக்காது. வறட்சி வந்தால் நீருக்குப் போக வழியில்லை. வெள்ளம் வந்தால் மேட்டுக்குப் போக வழியில்லை. சில தலைமுறைகளில் சின்னத் தீவுக்குள் அடைபட்ட கூட்டம் தானாகவே நலியும். அப்படிச் சாவதற்குப் போலீஸ் நிலையத்தில் எந்தப் புகாரும் பதிவாகாது.

ஆகையால் கடக்க வழி செய்ய வேண்டும் என்பதில் இப்போது பெரிய கருத்து வேற்றுமை இல்லை. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை, கலியாபோர் முதல் நுமாலிகர் வரையிலான 85 கி.மீ. சாலையை ஏறக்குறைய ரூ 7,000 கோடி செலவில் நான்கு வழிச் சாலையாக்க ஒப்புதல் அளித்தது. அதில் சுமார் 34 கி.மீ. தூரம் தூண்கள்மேல் போகும் உயர்மட்டச் சாலை. வண்டிகள் மேலே, விலங்குகள் கீழே. பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்த திட்டம் இது. வரவேற்க வேண்டிய முடிவு என்பதில் சந்தேகமில்லை.

இது வெறும் காகிதக் கனவும் அல்ல. நமக்கு நன்கு அறிமுகமான ஒரு சாலையிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. ஸ்ரீநகரிலிருந்து புறப்பட்டுக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44, நாகபுரிக்கும் சிவனிக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஊடறுத்துப் போகிறது. அதை நான்கு வழியாக்க முடிவு செய்தபோது, கீழே விலங்குகளுக்கு வழி விட வேண்டும் என்று வனவிலங்கு ஆர்வலர்கள் கேட்டார்கள். வீண் செலவு என்றது மறு தரப்பு. வழக்கு சில ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் சுமார் 16 கி.மீ. தூரத்தில் ஒன்பது இடங்களில் சாலை உயர்த்தப்பட்டது. மிக நீளமானது 750 மீட்டர். யார் இதன் கீழே போகப் போகிறார்கள் என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் 2019-ல் அங்கே காமெராக்களைப் பொருத்தியது. பத்து மாதங்களுக்குள் 18 வகை வனவிலங்குகள் படத்தில் விழுந்தன. புள்ளிமான் கூட்டம், காட்டுப்பன்றி, செந்நாய், அவற்றோடு 11 தனித்தனிப் புலிகள். மேலே நாகபுரி ஆரஞ்சு ஏற்றிய லாரி போய்க்கொண்டிருக்க, கீழே புலி நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

தூண் எழுப்ப முடியாத இடத்தில் இன்னொரு வழி, இரவில் கதவை மூடுவது. பந்திப்பூர் காட்டின் ஊடே மைசூரிலிருந்து கோழிக்கோட்டுக்கும் உதகைக்கும் போகும் இரண்டு சாலைகளிலும் 2009-ல் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தைத் தடை செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே உத்தரவு வாபஸ் ஆயிற்று. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. 2010 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. ஆம்புலன்ஸுகளுக்கும் சில பஸ்களுக்கும் மட்டும் விலக்கு. நம் சத்தியமங்கலத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதைக்கும் அதே போன்ற உத்தரவு 2019-லேயே போடப்பட்டது. அது காகிதத்தில் உறங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் தட்டி எழுப்பிய பிறகுதான் 2022 பிப்ரவரி 10 முதல் அமலுக்கு வந்தது.

கதவை மூடியதில் யாருக்கும் கஷ்டம் இல்லை என்று சொல்வது நியாயமாகாது. வயநாட்டுக்காரர்கள் 2019-ல் சுல்தான் பத்தேரியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ரயில் இல்லாத மாவட்டம் அது. இரவில் ஒரு பக்கத்து வாசல் அடைபட்டால் வியாபாரிக்கு நஷ்டம், மாணவனுக்கு அலைச்சல். தாளவாடி விவசாயிக்கு அன்றைக்கு அறுத்த காய்கறி அன்றைக்கே சந்தைக்குப் போக வேண்டும். அவர்களின் கோபத்தைக் காட்டின் எதிரிகளின் கூச்சல் என்று ஒதுக்குவது நகரத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. உள்ளூர் வண்டிக்கு அனுமதிச் சீட்டு, மாற்றுச் சாலையை உருப்படியாகப் போட்டுத் தருவது, சந்தை நேரத்தை அனுசரித்து லாரிகளை விடுவது என்று வழிகள் இருக்கின்றன. அவற்றைச் செய்துகொடுக்க வேண்டியது அரசின் வேலை. அதைச் செய்யாமல் விட்டால், விலங்குக்கும் மனிதனுக்கும் சண்டை மூட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

வேகத்தைக் குறைப்பது, இரவில் மூடுவது, சாலையை உயர்த்துவது. மூன்றும் இந்திய மண்ணில் நடத்திக் காட்டப்பட்டவை. எப்படிக் கட்ட வேண்டும், எந்த விலங்குக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று விளக்கி வனவிலங்கு நிறுவனம் 2016-லேயே ஒரு கையேட்டை வெளியிட்டுவிட்டது. ஆக, தெரியாது என்ற சாக்கு இனி செல்லாது. ஆனால் இந்த மூன்றிலும் பதில் இல்லாத கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. கடந்த பிறகு விலங்கு எங்கே போகும்?

மறுபடியும் காஸிரங்காவுக்கு வருவோம். பூங்காவிலிருந்து மலைக்குப் போக ஒன்பது வழித்தடங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. பான்பாரி, ஹல்திபாரி, பகோரி, ஹர்மதி, காஞ்சன்ஜுரி, ஹாதிதண்டி, தேவ்சுர், சிராங், அம்குரி. பெயர் வைத்துச் சொல்லும் அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த தடங்கள். எங்கே தாண்டும், எந்தப் பக்கம் திரும்பும் என்பது அங்குள்ள சிறுவனுக்கும் தெரியும். ஆனால் இந்தத் தடங்கள் எல்லாமே சர்க்கார் காடு அல்ல. ஒரு துண்டு காப்புக் காடு, ஒரு துண்டு தேயிலைத் தோட்டம், ஒரு துண்டு நெல் வயல், ஒரு துண்டு யாருக்கோ பட்டா. காடு என்ற பெயர் இல்லாததால் காட்டுக்கான சட்டமும் அங்கே முழுசாகப் பாய்வதில்லை.

இப்படிப்பட்ட நிலத்தை யாரும் ஒரே நாளில் மொட்டையடிப்பதில்லை. அதனால்தான் கண்ணில் படுவதில்லை. முதலில் சாலையோரம் ஒரு டீக்கடை வரும். பிறகு தாபா. லாரிகள் நிற்க இடம் வேண்டும் என்று பின்னால் இருக்கும் மூங்கில் புதர் வெட்டப்படும். காண்டாமிருகம் பார்க்க வரும் பயணிகளுக்காக விடுதி. விடுதிக்கு மதில், மதிலுக்கு விளக்கு. தோட்டக்காரர் நீர் வடிய ஆழமாக வாய்க்கால் வெட்டுவார். அதில் யானைக் குட்டி விழுந்தால் ஏற முடியாது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். ஒவ்வொருவரும் தன் நிலத்தில் தன் பிழைப்பைப் பார்க்கிறார். எல்லாம் சேரும்போது, நேற்றுவரை ஒரு கிலோமீட்டர் அகலம் இருந்த வழி ஒரு சந்தாகச் சுருங்கும். பிறகு அதுவும் அடைபடும். அடைபட்ட வாய்க்குள் யானை நுழைந்தால் மறுநாள் பத்திரிகையில் ‘ஊருக்குள் புகுந்த காட்டு யானை’ என்று செய்தி வரும். யானை ஊருக்குள் போகவில்லை. அதன் பாதைக்குள் ஊர் போயிருக்கிறது என்று எழுத யாருக்கும் தோன்றாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நுமாலிகரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அமைக்க முடிவானபோதே, ஆலையைச் சுற்றியும் காஸிரங்காவை ஒட்டியும் புதிய தொழில்கள் கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1996-ல் தடை மண்டலம் அறிவித்தது. அறிவிப்புக்குப் பிறகும் அந்த மண்டலத்தில் கல்குவாரிகளும் கல் உடைக்கும் கிரஷர்களும் முளைத்தன. 2012-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசையும் மாநில அரசையும் கண்டித்து அவற்றை மூடச் சொன்னது. குவாரிகள் மலைப் பக்கம் நகர்ந்தன. வெள்ளத்துக்குப் பயந்து விலங்குகள் எந்த மலையை நோக்கி ஓடுமோ, அந்த மலையையே வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கலங்கிக் கல்பொடியோடு பூங்காவுக்குள் பாய்ந்தன. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பூங்காவின் தெற்கு எல்லையிலும் ஓடைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் சுரங்க வேலை எதுவும் கூடாது. ஒன்பது வழித்தடங்களில் அடங்கிய தனியார் நிலங்களிலும் புதிய கட்டடம் கூடாது.

தடுக்கப்பட்டது எவ்வளவு காலம் கழித்து என்று பாருங்கள். 1996-ன் அறிவிப்பு 2019-ல்தான் பல் முளைத்து நின்றது. இடையில் 23 ஆண்டுகள். ஒரு யானைக் குட்டி பிறந்து, வளர்ந்து, தானும் குட்டி போட்டிருக்கும் காலம்.

அந்த யானையின் கதையையும் சொல்ல வேண்டும். அதே நுமாலிகரில் சுத்திகரிப்பு ஆலையின் குடியிருப்புக்காக யானைகள் நடமாடும் இடத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான மதில் எழுந்தது. உள்ளே கோல்ஃப் மைதானம். யானைக்கு நினைவு அதிகம் என்பது நமக்குப் பழமொழி. அதற்கு அதுதான் ஆபத்து. தாயும் பாட்டியும் நடந்த தடத்தில்தான் நடக்கும். மதில் முன்னால் கூட்டமாக வந்து நின்று, முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பின. 2015-ல் மதிலை முட்டித் தள்ள முயன்ற ஓர் இளம் ஆண் யானை உள்காயத்தால் இறந்தது. மதிலை இடிக்கும்படி பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் உத்தரவிட்டது. ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மீதியைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் வரை போன ஆலை நிர்வாகத்தின் மனு 2019 ஜனவரியில் தள்ளுபடி ஆனது. அந்த யானை எந்த வண்டியிலும் அடிபடவில்லை. எந்தச் சாலை விபத்துக் கணக்கிலும் அது இல்லை. கடந்து போனது, போய்ச் சேர இடம் இல்லாமல் செத்தது.

உயர்மட்டச் சாலையைப் பற்றிய கவலையும் இதுதான். நான்கு வழிச் சாலை வந்தால் குவாஹாட்டியிலிருந்து காஸிரங்கா வருவது சுலபமாகும். சுலபமானால் பயணிகள் பெருகுவார்கள். பயணிகள் பெருகினால் ஓட்டல்காரர் நிலம் தேடுவார். பூங்காவைப் பார்த்தபடி, மலையைப் பார்த்தபடி இருக்கும் நிலம் எது? வழித்தடத்தின் நிலம்தான். 2024-ல் அங்கே நட்சத்திர ஓட்டலுக்கு நிலம் தருவதை எதிர்த்து ஆதிவாசி விவசாயிகளும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் போராடினார்கள். சாலை விலங்குக்கு வழி விடும். சாலை உயர்த்திவிட்ட நில விலை அந்த வழியை அடைக்கும். கீழே 34 கிலோமீட்டருக்கு வாசல் திறந்து வைத்துவிட்டு, வாசலுக்கு எதிரே சுவர் வைக்க அனுமதித்தால் ரூ 7,000 கோடியும் வெறும் கான்கிரீட்.

நிலத்தைக் காப்பது என்றதும் நம் அரசுகளுக்குத் தெரிந்த ஒரே வழி புல்டோசர். 2016 செப்டம்பரில் காஸிரங்காவை ஒட்டிய பாந்தர்தூபி உள்ளிட்ட கிராமங்களில் ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஏழையின் குடிசைக்குப் புல்டோசர், பணக்காரரின் விடுதிக்கு ‘சுற்றுலா வளர்ச்சி’ என்றால் விலங்குகளுக்காக அந்த ஊரில் யார் பரிந்து பேசுவார்கள்? யானையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 பேர் உயிரிழக்கும் நாடு இது. இறப்பவர்களில் பெரும்பாலோர் ஏழை விவசாயிகளும் கூலிகளும். விளைந்த நெல்லை ஒரே இரவில் இழந்தவனிடம் போய் வனவிலங்கு நம் தேசியச் சொத்து என்று சொன்னால், தேசியச் சொத்துக்குத் தேசம்தானே சோறு போட வேண்டும் என்று கேட்பான். நியாயமான கேள்வி. நஷ்ட ஈடு அடுத்த அறுவடைக்குள் கைக்கு வந்தால்தான் அதற்குப் பதில் சொன்னதாகும்.

உண்மையில் வழித்தடத்துக்கு விவசாயி எதிரி அல்ல. நெல் வயல் இரவில் விலங்குக்குத் திறந்த வழி. அறுவடை முடிந்த வயலில் யானைக் கூட்டம் தடையின்றி நடந்து போகும். அதே வயல் விடுதியானால் முடியாது. ஆகவே வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவது, நிலத்தைப் பறிப்பதைவிட மலிவு; சண்டையும் இல்லை. விற்கத்தான் வேண்டும் என்றால் அரசே சந்தை விலையில் முதலில் வாங்கிக்கொள்ளலாம். மக்களே விரும்பி இடம் மாறினால் அதற்கும் முன்னுதாரணம் உண்டு. வயநாட்டில் திருநெல்லிக்கும் குத்ரகோட்டுக்கும் இடையிலான யானைத் தடத்தில் இருந்த குடும்பங்களுக்கு ஒரு தன்னார்வ அமைப்பு வேறு இடத்தில் நிலமும் வீடும் கொடுத்து, அவர்கள் சம்மதத்துடன் இடம் பெயரச் செய்தது. விடுபட்ட நிலம் 2015-ல் கேரள வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. துப்பாக்கி வெடிக்கவில்லை. யானைகள் அந்த வழியே போகின்றன.

பணம் படைத்தவர்களிடமும் சட்டம் பேச முடியும் என்பதற்கு நீலகிரியின் சீகூர் சாட்சி. முதுமலைக்குக் கீழே யானைத் தடத்தில் முளைத்த விடுதிகளை மூடி நிலத்தை மீட்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் உத்தரவிட்டது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இங்கேயும் கணக்கு அதேதான்: தீர்ப்புக்குத் தீர்ப்பு ஒன்பது ஆண்டுகள்.

மத்திய அரசு 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி நாட்டில் 15 மாநிலங்களில் 150 யானை வழித்தடங்கள் இருக்கின்றன. மேற்கு வங்காளத்தில் மட்டும் 26. பட்டியல் போட்டாயிற்று. ஆனால் பட்டியலில் இருப்பதால் மட்டும் ஒரு தடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. பதிவு அலுவலகத்தில் இருக்கும் எழுத்தருக்கு அந்தப் பட்டியல் தெரியாது. தெரிந்தாலும் பத்திரத்தை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. கூட்டத்தை விபத்துகள் பறிக்கும்போது மட்டும் நாம் விழித்துக்கொள்கிறோம். 2010 செப்டம்பரில் வங்காளத்தின் பானர்ஹாட் அருகே ஒரே இரவில் ஏழு யானைகள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தபோது நாடே அதிர்ந்தது. 2021 நவம்பரில் கோவை நவக்கரையில் மூன்று யானைகள் இறந்தபோது அதிர்ந்தோம். அதன்பின் 2024-ல் மதுக்கரையில் தண்டவாளத்தை நெருங்கும் யானையைக் கம்ப்யூட்டரே கண்டறிந்து ரயில் டிரைவரை எச்சரிக்கும் காமெராக்கள் வந்தன, நல்ல ஏற்பாடு. தண்டவாளத்துக்கும் சாலைக்கும் காமெரா வைக்கலாம். விற்பனைப் பத்திரத்துக்கு என்ன காமெரா வைப்பது?

வைக்கலாம். ஒரு வழித்தடத்தின் எல்லையை சர்வே எண் சர்வே எண்ணாகக் குறித்து வருவாய்த் துறையின் பதிவேட்டில் ஏற்றுவது பெரிய விஞ்ஞானம் அல்ல. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் புறம்போக்கு என்று குறித்து வைத்தவர்கள் நம் முன்னோர்கள். அப்படிக் குறித்துவிட்டால் அந்த நிலத்தை விற்கலாம், உழலாம். மதில் எழுப்பவோ வகை மாற்றவோ முடியாது. அதனால் உரிமையாளருக்கு ஏற்படும் நஷ்டத்தை அரசு ஈடுகட்ட வேண்டும். இன்னொன்று, காட்டு வழியாகச் சாலை போடுவதற்கு டெண்டர் விடும் முன்பே இருபுறத்து நிலத்துக்கும் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். தூணுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை நிலத்துக்கு ஒதுக்கினால் தூணுக்குப் போட்ட பணமும் பிழைக்கும். இப்போது நடப்பது தலைகீழ். சாலை முதலில், வழக்கு பிறகு, தீர்ப்பு அதற்கும் பிறகு, காடு கடைசியில்.

பெஞ்சில் புலி சாலைக்கு அடியில் நடந்து போகிற படத்தைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம். அந்தப் புலி நடந்துபோவதற்கு மறுபுறம் இன்னும் காடு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காஸிரங்காவில் தூண்கள் எழும்பி முடிய ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒவ்வொரு ஜூலையிலும் வெள்ளம் வரும், டிரைவர்களுக்குச் சீட்டு கிடைக்கும், பன்றி மான்கள் சாலையோரம் வந்து நின்று பார்க்கும். அந்த ஆண்டுகளுக்குள் எதிர்ப் பக்கத்து நிலம் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பாலம் கட்டப் பல ஆண்டுகள் வேண்டும். நிலத்தைக் கைமாற்ற ஒரு மத்தியானம் போதும்.